வேத்தியலும் பொதுவியலும்: தில்லியில் ஹிப்ஹாப் ஆடலாசானும் இளையோரும்

முன்னுரை

கூத்தினை வேத்தியல், பொதுவியல் எனப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. வேந்தன் அவைக்கு உரியது வேத்தியல். மக்கள் கூடும் இடங்களுக்கு உரியது பொதுவியல். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடலாசானின் தகுதியைக் கூறுமிடத்து வரும் இருவகைக் கூத்து என்பதற்கு அடியார்க்குநல்லார் காட்டும் பல இணைகளுள் இதுவும் ஒன்று. கலை எங்கு நிகழ்கிறது, எவர் பொருட்டு நிகழ்கிறது என்னும் வினாக்களை இப்பகுப்பு உள்ளடக்கியிருத்தலின், பிற்காலக் கலைகளையும் இதனைக் கொண்டு நோக்க இயலும்.

அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரின் பிராங்சு பகுதியில் தோன்றிய ஹிப்ஹாப், இந்தியத் தலைநகரின் இளையோரிடம் இரு வழிகளில் வந்து சேர்ந்தது. அயல்நாட்டு அரசுகளின் பண்பாட்டுத் திட்டங்கள் ஒரு வழி. தெருவையும் சிறு கூடத்தையும் களமாகக் கொண்ட ஆடலாசான்களின் உழைப்பு மற்றொரு வழி. முன்னதன் குறியீடாகச் சாணக்யபுரியையும் பின்னதன் குறியீடாகக் கிர்கியையும் கொள்ளலாம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, ஆடலாசான் இளையோர்க்குக் கற்பிப்பது அடவுகளை மட்டுமா, அவற்றைப் பெற்றெடுத்த பண்பாட்டையுமா என்பதனை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

சாணக்யபுரியும் சாணக்கியர் கண்ட கூத்தரும்

சாணக்யபுரி 1950களில் தூதரகங்களுக்கென வகுக்கப்பட்ட பகுதியாகும். சாந்திபத், நீதி மார்க், நியாய மார்க், சத்திய மார்க், பஞ்சசீல மார்க் என அதன் சாலைப் பெயர்கள் அறத்தையும் அமைதியையும் சுட்டுகின்றன. எட்வர்டு டுரெல் ஸ்டோன் வடிவமைத்த அமெரிக்கத் தூதரகக் கட்டடம் 1959 சனவரியில் திறக்கப்பட்டது. அகன்ற சாலைகளும் உயர்ந்த மதில்களும் கொண்ட இதே பகுதியில்தான் சஞ்சய் முகாம், விவேகானந்த் முகாம் முதலான குடிசைக் குடியிருப்புகளும் உள்ளன. ஆதலின் வேந்தவையும் பொதுமன்றும் இங்கு ஒரே வட்டாரத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன எனலாம்.

இப்பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியர் இயற்றியதாகக் கருதப்பெறும் அர்த்தசாஸ்திரம், 1905இல் மைசூரில் ரு. சாமசாஸ்திரியாரால் கண்டறியப்பட்டு 1909இல் அச்சேறியது. கூத்தர் பற்றி அந்நூல் கூறுவன ஈண்டு நோக்கத்தக்கன. ஆடல், பாடல், கருவியிசை, நடிப்பு முதலியவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அரசே வாழ்வூதியம் அளிக்க வேண்டும் என்கிறது ஓரிடம். அயல்நாட்டிலிருந்து வரும் குழு ஒரு காட்சிக்கு ஐந்து பணம் வரியாகச் செலுத்த வேண்டும் என்கிறது அதே பகுதி. புதிதாகக் குடியேற்றும் ஊர்களில் கேளிக்கைக் கூடங்கள் கூடா. ஆடுவோரும் பாடுவோரும் உழவர்தம் வினைக்கு இடையூறு செய்தல் ஆகாது என்கிறது மற்றோரிடம். ஒற்றாடலுக்குக் கூத்தர் வேடம் பயன்படும் என்றும் கூறுகிறது. போற்றுதல், வரி விதித்தல், விலக்குதல், பயன்கொள்ளுதல் என்னும் நான்கும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. கலையின்பால் அரசு கொள்ளும் உறவு இந்நான்கனுள் ஒன்றாகவோ பலவாகவோ இருப்பதை இக்காலத்தும் காணலாம்.

தூதாக வந்த ஆடல்

கலையைத் தூதாக அனுப்பும் வழக்கத்தை அமெரிக்க அரசு 1954இல் முறைப்படுத்தியது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் காலத்தில் இதற்கெனத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்துடனான பனிப்போரில் நடுநிலை நாடுகளின் நல்லெண்ணத்தைப் பெறுவது இதன் நோக்கம். மார்த்தா கிரகாம் நடனக் குழுவினர் 1955-56ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட ஆசியப் பயணத்தில் இந்தியாவும் இடம்பெற்றது. தேவ் பிரூபெக் குழுவினர் 1958இலும் டியூக் எலிங்டன் குழுவினர் 1963இலும் இந்தியாவிற்கு வந்தனர்.

இப்பயணங்களில் ஒரு முரண் இருந்தது. கறுப்பினக் கலைஞர்களை விடுதலையின் தூதர்களாக உலகெங்கும் அனுப்பிய நாட்டின் தென்மாநிலங்களில், அக்கலைஞர்கள் வெள்ளையரோடு ஒரே உணவகத்தில் அமர இயலாத நிலை 1960களின் நடுப்பகுதி வரை நீடித்தது. கலையின் புகழை ஏற்றுக்கொண்ட அரசு, கலைஞனின் குடியுரிமையை முழுமையாக ஏற்கவில்லை என்பது இதனால் புலனாகும்.

ஜாஸ் இசைக்குக் கிடைத்த இடம் பின்னர் ஹிப்ஹாப்பிற்கும் கிடைத்தது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவுடன், வட கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் காட்ஸ் பொறுப்பில் 2013இல் தொடங்கப்பெற்ற ‘நெக்ஸ்ட் லெவல்’ திட்டம், ஹிப்ஹாப் கலைஞர்களை அயல்நாடுகளுக்கு அனுப்பி இளையோர்க்குப் பயிற்சி அளித்தது. 2014ஆம் ஆண்டின் பயணங்களில் இந்தியாவும் இடம்பெற்றது. இப்பட்டறிவினைக் காட்ஸ் 2019இல் தனிநூலாக வெளியிட்டார். செருமனியும் இம்முயற்சியில் பங்கு கொண்டது. இந்திய - செருமானிய நட்புறவு ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 2011-12இல், கோத்தே நிறுவனத்தின் சார்பில் ஹிப்ஹாப், நகர்ப்புறக் கலைத் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. இரு நாட்டு ஆடற்கலைஞரும் சுவரோவியரும் பாடகரும் இதன்வழி ஒருங்கே பணிபுரிந்தனர்.

இத்திட்டங்கள் பயனற்றவை அல்ல. அயல்நாட்டு ஆடலாசானை நேரிற் காணும் வாய்ப்பும், மேடையும், ஒலிக்கருவிகளும் இளையோர்க்குக் கிடைத்தன. ஆயினும் அவற்றின் காலம் நாள்களாலும் வாரங்களாலும் வரையறுக்கப்பட்டது. விருந்தினராய் வந்த ஆசான் திரும்பிச் சென்றபின் பயிற்சியைத் தொடர்பவர் யார் என்னும் வினா எஞ்சுகிறது. அவ்வினாவிற்கு விடை சாணக்யபுரிக்கு வெளியே உள்ளது.

ஐந்து கூறுகள்

ஹிப்ஹாப்பின் தோற்ற நாளாக 1973 ஆகஸ்டு 11 குறிக்கப்பெறுகிறது. யமைக்காவிற் பிறந்து பிராங்சில் வளர்ந்த கிளைவ் கேம்பல் என்னும் டீஜே கூல் ஹெர்க், செட்விக் நிழற்சாலையில் உள்ள 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் அன்று இசைத்தட்டுகளை இயக்கினார். அவ்விழாவை ஏற்பாடு செய்தவர் அவர்தம் தங்கை சிண்டி. பள்ளிக்குப் புத்தாடை வாங்கப் பணம் திரட்டுவது அவர் நோக்கம். மகளிர்க்கு 25 செண்டும் ஆடவர்க்கு 50 செண்டும் நுழைவுக்கட்டணம். பொதுவியற் கலையும் காசின் தொடர்பை முற்றிலும் துறந்ததன்று என்பதற்கு இச்செய்தி சான்றாகும்.

பாடலில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் எஞ்சும் சிறு பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளைக் கொண்டு ஹெர்க் நீட்டித்தார். ‘பிரேக்’ எனப்பட்ட அப்பகுதியில் ஆடியவர்கள் ‘பி-பாய்’, ‘பி-கேர்ள்’ என வழங்கப்பட்டனர். தாளக்கட்டே ஆடலைப் பிறப்பித்தது என்பது இதனால் விளங்கும். நின்ற நிலையில் ஆடும் டாப்ராக், கைகளைத் தரையில் ஊன்றிக் கால்களைச் சுழற்றும் புட்வொர்க், உடலைச் சக்கரமெனச் சுழற்றும் பவர்மூவ், தாளத்தின் ஒரு புள்ளியில் சிலையென உறையும் பிரீஸ் என்பன இவ்வாடலின் அடிப்படைகள். ஆடுவோர் வட்டமாய்ச் சூழ்ந்து நிற்க ஒருவர் நடுவில் வந்து ஆடி விலகுவது ‘சைபர்’ எனப்படும். மேடைக்கும் அவைக்கும் இடையிலான பிரிவு அங்கு இல்லை. காண்போரே அடுத்த நொடியில் ஆடுவோராவர். பிறர் கண்டுபிடித்த அடவைத் தனதெனக் காட்டுவது ‘பைட்டிங்’ என்னும் குற்றமாகக் கருதப்படும்.

இசைத்தட்டு இயக்கம், சொற்கட்டு, ஆடல், சுவரெழுத்து ஆகிய நான்கும் ஹிப்ஹாப்பின் கூறுகள் எனப்படும். இவற்றோடு அறிவு என்பது ஐந்தாவது கூறாகச் சேர்க்கப்பட்டது. இக்கலை எம்மக்களிடமிருந்து, எத்தகைய வறுமையிலிருந்தும் ஒதுக்குதலிலிருந்தும் தோன்றியது என்பதை அறிந்திருத்தலே அவ்வறிவாகும். கற்றவர் ஒவ்வொருவரும் மற்றொருவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்பது கறுப்பின மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் நெறி. கல்வி மறுக்கப்பட்ட அடிமைக் காலத்தோடு தொடர்புடைய இந்நெறியை ஹிப்ஹாப் தனதாக்கிக்கொண்டது.

தமிழ் இலக்கியத்தில் இதற்கு நெருங்கிய ஒப்புமை உண்டு. பரிசில் பெற்ற கலைஞர், பெறாத கலைஞரை எதிர்ப்பட்டு வழிப்படுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர்க்கு உரியதாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் கூறும். ஆற்றுப்படை, கலைஞன் வாய்மொழியாகவே கலைஞனை வள்ளல்பால் வழிப்படுத்துகிறது. ஹிப்ஹாப் நெறியோ கலையின்பால் வழிப்படுத்துகிறது. வேறுபாடு இருப்பினும், தான் பெற்றதைத் தன்னளவில் நிறுத்திக்கொள்ளலாகாது என்னும் உள்ளம் இரண்டிற்கும் பொது.

கிர்கியின் ஆடலாசான்

தென்தில்லியில் உள்ள கிர்கி, பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த துக்ளக் காலப் பள்ளிவாசலால் பெயர்பெற்ற ஊர். சாலைக்கு எதிர்ப்புறம் சாகேத் பகுதியின் பெரும் வணிக வளாகங்கள் உள்ளன. இப்பால் குறுகிய தெருக்களில் பல மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோரும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தோரும் வாடகைக்கு வாழ்ந்து வருகின்றனர். இத்தகைய சூழலில் 2010களின் தொடக்கத்தில் ‘டைனி டிராப்ஸ்’ என்னும் ஹிப்ஹாப் சமூகக்கூடம் இயங்கியது. ‘ஹீரா’ என்னும் ஆடற்பெயர் கொண்ட நேத்ரபால் சிங் இதனை நிறுவினார். கட்டணம் பெறாது அண்டைவாழ் சிறார்க்கும் இளைஞர்க்கும் ஆடல் கற்பிக்கப்பட்டது.

நேத்ரபால் சிங்கும் கலிபோர்னியாவைச் சேர்ந்த சொற்கட்டுக் கலைஞர் மந்தீப் சேத்தியும் இணைந்து ‘ஸ்லம்காட்ஸ்’ என்னும் குழுவை உருவாக்கினர். 2008இல் வெளிவந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படத் தலைப்பில் குடிசைவாழ் சிறுவனைக் குறிக்க நாய் என்னும் சொல் ஆளப்பட்டிருந்தது. அதற்கு மறுமொழியாகவே நாயைக் குறிக்கும் சொல்லை நீக்கித் தெய்வத்தைக் குறிக்கும் சொல்லை இவர்கள் பெய்தனர். இழிசொல்லை அதன் அமைப்பினுள்ளேயே நின்று மாற்றும் இவ்வுத்தி, பெயரிடும் உரிமையைத் தம் கைக்கொள்ளும் செயலாகும். தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளுதல் ஹிப்ஹாப்பில் முதற்பாடம் என்பதும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது.

தில்லியின் இவ்விளையோர் உலகைப் பற்றி இரு ஆய்வுநூல்கள் குறிப்பிடத்தக்கன. மானிடவியலர் எதிராஜ் கேப்ரியல் தத்தாத்ரேயன் 2020இல் வெளியிட்ட நூல், இணையவழி ஹிப்ஹாப், ஆண்மை, நகர்வெளி ஆகிய மூன்றன் உறவை ஆராய்கிறது. மொழியியலர் ஜஸ்பால் நவீல் சிங்கின் நூல், தில்லி ஹிப்ஹாப் கலைஞர் தம்மைப் பற்றிக் கூறும் கதையாடல்களை ஆராய்கிறது. இக்கலை அங்குப் பெரிதும் ஆண்களின் வட்டமாக அமைந்தது என்பதும், அவ்வட்டத்துள் பெண்ணுக்கு உரிய இடம் எளிதிற் கிட்டுவதன்று என்பதும் சிந்திக்க வேண்டியன. ஹிப்ஹாப்பின் முதல் விழாவை ஏற்பாடு செய்தவர் ஒரு பெண் என்னும் வரலாறு அவ்வட்டத்தில் நினைவூட்டப்பட வேண்டிய பாடமாகும்.

அரங்கேற்று காதை மாதவியின் கல்வியை ஏழாண்டுக் கல்வியாகக் காட்டுகிறது. ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனப் பலர் அவளுக்குத் துணை நின்றனர். எண்கோல் நீளமும் எழுகோல் அகலமும் கொண்ட அரங்கு அளந்து அமைக்கப்பட்டது. முடிவில் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் அவள் பெற்றாள். கிர்கிச் சிறுவனுக்கு அளந்தமைத்த அரங்கு இல்லை. சிமெண்டுத் தரையும் விரித்த அட்டையுமே அரங்கு. ஆசிரியர் பலர் செய்யும் பணியை ஒருவரே செய்ய வேண்டும். ஆயினும் நெடுநாள் உடனிருந்து கற்பித்தல் என்னும் கூறு இரண்டிற்கும் பொது. தலைகீழாய் நிற்கக் கற்பவனைத் தாங்கிப் பிடிக்கும் கை, காணொளியால் தரவியலாதது.

தமிழ்ச் சூழல்

தமிழகத்தில் ‘பிரேக் டான்ஸ்’ 1980களின் பிற்பகுதியில் ஒளிநாடா வழியும் திரைப்படத்தின் வழியும் பரவியது. ஜென்டில்மேன் (1993), காதலன் (1994) ஆகிய படங்களில் பிரபுதேவா ஆடிய ஆடல்கள் ஊர்தோறும் மாணவர்களால் பின்பற்றப்பட்டன. இங்கு ஆசான் திரையில் இருந்தார். மாணவர் பார்த்துக் கற்றனர். அடவு வந்தது, அதன் வரலாறு உடன் வரவில்லை. பின்னர் மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவினரின் வல்லவன் (2006) தொகுப்பும், தமிழகத்தில் ஹிப்ஹாப் தமிழா இருவரின் பாடல்களும் சொற்கட்டினைத் தமிழில் நிலைபெறச் செய்தன.

மும்பைத் தாராவி மற்றொரு களம். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்று தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழர் அங்குத் தலைமுறைகளாக வாழ்கின்றனர். தாராவியில் ஆகாஷ் தங்கர் என்னும் ஆடலர் ஸ்லம்காட்ஸ் பெயரால் சிறார்க்குக் கட்டணமின்றி ஆடல் கற்பித்தார். 2015இல் தாராவி டிரீம் புராஜெக்ட் சார்பில் ஹிப்ஹாப் மாலைப்பள்ளி தொடங்கப்பெற்றது. அப்பகுதியிலிருந்து எழுந்த டோப்அடெலிக்ஸ் குழுவின் குரல், தாராவித் தமிழரைக் கதைக்களமாகக் கொண்ட காலா (2018) திரைப்படப் பாடல்களில் ஒலித்தது. தமிழ் ஹிப்ஹாப் வரலாற்றை எழுதுவோர் பாடல்வரிகளோடு நின்றுவிடாது, ஆடலையும் அதனைக் கற்பித்தோரையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதற்குத் தாராவி சான்றாகும்.

அடவும் அறிவும்

கிர்கி 2014 சனவரியில் நாடறிந்த செய்தியாயிற்று. அங்கு வாழ்ந்த ஆப்பிரிக்கர் மீது குற்றஞ்சாட்டிய தில்லி அரசின் அமைச்சர் ஒருவர், ஆதரவாளருடன் நள்ளிரவில் சென்று அவர்தம் வீட்டைச் சோதனையிடுமாறு காவலரை வற்புறுத்தினார். ஆப்பிரிக்கப் பெண்கள் இழிவுபடுத்தப்பட்டனர் எனப் புகார் எழுந்து வழக்கும் பதிவாயிற்று.

ஹிப்ஹாப் பயிலும் இந்திய இளைஞன் உடுத்தும் உடை, ஆடும் அடவு, சொல்லும் வணக்கமுறை ஆகியன பெரிதும் ஆப்பிரிக்க வழிவந்தோர் படைத்தவை. அவற்றை விரும்பி ஏற்பவன், அவ்வழியினரோடு உறவுடைய அண்டைவீட்டாரை நிறத்தால் வெறுப்பானாயின், அவன் கற்றது நான்கு கூறுகளே, ஐந்தாவதைக் கற்கவில்லை. ஜாஸ் இசைஞரை ஏற்று அவர்தம் குடியுரிமையை ஏற்காத அமெரிக்க அரசின் பழைய முரண், கிர்கித் தெருவிலும் வேறு வடிவில் நிகழக்கூடும் என்பது இதனால் தெளிவாகும். சாதியால் தெருக்கள் பிரிந்த நாட்டில், ஒரு வட்டத்தில் தோளோடு தோள் நின்று பிறர் ஆட்டத்தைக் கண்டு மதிப்பது சிறிய செயலன்று. அதற்குப் பொருள் உண்டு என்பதை எடுத்துரைப்பவர் ஆடலாசான். பறையாட்டத்தைக் கற்பிப்போர் அடியோடு அதன் சமூக வரலாற்றையும் கற்பிக்க வேண்டியிருப்பது போன்றதே இதுவும்.

இரண்டு வழிகளும் முற்றிலும் பகையானவை அல்ல. தூதரகப் பண்பாட்டுத் திட்டங்கள் தந்த மேடையில் தெருவில் பயின்றோரும் ஆடினர். 2024 ஆகஸ்டில் பாரிசு ஒலிம்பிக்கில் பிரேக்கிங் போட்டியாக நடத்தப்பட்டது. சப்பானின் அமியும் கனடாவின் பில் விசார்டும் தங்கம் வென்றனர். ஆயினும் 2028 இலாசு ஏஞ்சல்சு ஒலிம்பிக் பட்டியலில் அது இடம்பெறவில்லை. வேத்தியல் அழைக்கவும் செய்யும். அழைப்பை நிறுத்தவும் செய்யும். அவ்வழைப்பினையே நம்பியிருக்கும் கலை அது நின்றவுடன் தளரும். வட்டத்தை நம்பியிருக்கும் கலைக்கு அவ்விடர் குறைவு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தில்லியில் ஹிப்ஹாப் பரவியதில் அயல்நாட்டு அரசுகளின் திட்டங்களுக்குப் பங்கு உண்டெனினும், அதனை நிலைபெறச் செய்தவர் இளையோரோடு உடன்வாழ்ந்த ஆடலாசான்களே ஆவர். இரண்டாவது, வேத்தியல், பொதுவியல் என்னும் தமிழ்ப் பகுப்பு இக்காலக் கலைகளை விளக்கவும் பயன்படுவது. ஆயின் இரண்டும் ஒன்றையொன்று ஊடுருவும் இடங்களையும் உடன் காண வேண்டும். மூன்றாவது, அயல்பண்பாடொன்றைக் கற்பிப்பவர் அடவுகளை மட்டும் தந்தால் அது கேளிக்கையாய் முடியும். அதனைப் படைத்த மக்களின் வரலாற்றையும் தந்தால் அது கல்வியாகும்.

சாணக்கியர் கூத்தர்க்கு ஊதியம் தந்தார், வரி விதித்தார், ஊர்ப்புறத்தில் அவரைக் கட்டுப்படுத்தினார். ஆற்றுப்படைப் புலவரோ கூத்தரைக் கூத்தர்க்கு வழிகாட்டியாகக் கண்டனர். கிர்கியின் சிமெண்டுத் தரையில் ஒரு சிறுவனைத் தலைகீழாய் நிற்கப் பழக்கிய ஆசானும், பின்னர் அதே அடவைத் தன்னினும் இளையவனுக்குக் கற்பித்த அச்சிறுவனும் இவ்விரண்டாம் மரபினர். அவர்தம் வரலாறு எழுதப்படும்போது தில்லியின் கலை வரலாறு நிறைவு பெறும்.